மூணாவது மானிட்டர்

அதை எடுக்காதம்மா. அதோ வளைஞ்சிருக்கே, அதைத்தான் சொல்றேன். கையை எடு மொதல்ல. அது கேம் விளையாடுறவனுக்கு. அதுல ஒரு நேர்கோடு போட்டீன்னா அது நேரா இருக்கா வளைஞ்சிருக்கான்னு உனக்கே சந்தேகம் வந்துடும். நான் வாங்கி ஏமாந்தேன். மொதல்ல வாங்கினது அதுதான்.

என்ன வேலைக்கு வாங்குறே? போட்டோ எடிட்டிங்கா? கல்யாணப் பத்திரிகை டிசைனும் பண்ணுவியா? அப்ப உக்காரு. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. விக்கிற தம்பி கேபிள் எடுக்க மாடிக்குப் போயிருக்கான். முதலாளி சாப்பிடப் போயிருக்காராம். அவங்க வர்றதுக்குள்ள நான் உனக்கு எல்லாத்தையும் சொல்லிடுறேன். எனக்கு யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா நான் ஏன் இந்த டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு துறையூர்லேருந்து திருச்சி வரைக்கும் பஸ்ல வரப்போறேன்? இதுக்கு லக்கேஜ் டிக்கெட் வேற போட்டான் அந்தக் கண்டக்டர். மனுஷன் பட்ட கஷ்டத்துக்கெல்லாம் டிக்கெட் போட ஆரம்பிச்சா அவன் மிஷின்ல பேப்பர் தீர்ந்துடும்னு சொன்னேன். முறைச்சான். முறைக்கட்டும்.

என் பேரு பஞ்சநாதன். துறையூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஒளி டிஜிட்டல் ஸ்டுடியோன்னு கேட்டீன்னா எவனும் கையைக் காட்டுவான். இந்த டப்பாவுக்குள்ள இருக்கிறது இந்த வருஷத்துல நான் வாங்கின மூணாவது மானிட்டர். திருப்பிக் குடுக்க வந்திருக்கேன். முதலாளி வரட்டும், ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுத்தான் கிளம்புவேன்.

கோவமான்னா கேக்குறே? பின்னே? இந்த மானிட்டர்காரனுங்களால என் குடும்ப மானம் சம்பந்தி வீட்டுல சந்தி சிரிக்குதும்மா. என் பொண்ணு கல்யாண ஆல்பத்தை அவ மாமியார் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. புதுப்பொண்ணைப் பார்க்க வர்றவங்க ஆல்பத்தைக் கேட்டா இன்னும் ரெடியாகலைன்னு சொல்றாங்களாம். யாரோட பொண்ணு? ஸ்டுடியோக்காரன் பொண்ணு. இந்த ஜில்லாவுல பாதிப் பேருக்குக் கல்யாண ஆல்பம் போட்டுக் குடுத்தவன் பொண்ணு.

இரு, மொதல்ல உனக்கு மானிட்டர் விஷயத்தைச் சொல்லிடுறேன். இல்லேன்னா நான் புலம்புறதைக் கேட்டுக்கிட்டே நீ எதையாவது வாங்கிட்டுப் போயிடுவே.

கடைக்காரன் எடுத்தவுடனே இஞ்ச் சொல்லுவான். இருபத்தேழு, முப்பத்திரெண்டுன்னு துணி அளக்கிற மாதிரி சொல்லுவான். அதைக் காதுல வாங்காதே. பேனல் என்னன்னு கேளு. ஐபிஎஸ்ஸான்னு கேளு. ஆமான்னு சொன்னாலும் நம்பாதே. எந்திரிச்சு சைடுல போய் நின்னு பாரு. மட்டமான பேனலா இருந்தா நேரா பார்க்கையில ஒண்ணு காட்டும், சைடுல ஒண்ணு காட்டும். அப்புறம் எஸ்ஆர்ஜிபி, அதான் கலர் எவ்வளவு காட்டும்னு ஒரு கணக்கு, அது எத்தனை சதவீதம்னு கேளு. நூறை ஒட்டி இருக்கணும். நம்ம லேப்ல பிரிண்ட் போடுறதெல்லாம் அந்தக் கணக்குலதான். அப்புறம் வெளிச்சம். இங்க பாரு, எல்லா மானிட்டரையும் வெளிச்சத்தை முழுசா ஏத்தி வெச்சிருக்கான். அந்த வெளிச்சத்துல எடிட் பண்ணி அனுப்பினா ஆல்பம் கரண்ட் போன வீடு மாதிரி இருட்டா வரும். வீட்டுக்குப் போனதும் வெளிச்சத்தைக் குறை. ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பக்கத்துல வெச்சு, காகிதமும் ஸ்கிரீனும் ஒண்ணுபோல தெரியுற வரைக்கும் குறை.

பார்த்தியா? எனக்கு எல்லாம் தெரியும். முப்பது வருஷமா தொழில்ல இருக்கேன். இதை ஏன் சொல்றேன்னா, ஒருத்தி இருக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா.

என் சம்சாரம்தான். மங்கையர்க்கரசி. நான் மங்கைன்னு கூப்பிடுவேன். கூப்பிடுவேன்னா, இப்பவும் கூப்பிடுறேன், அவளும் வர்றா, சோறு போடுறா, பேசுறா. ஸ்டுடியோவுக்குள்ள மட்டும் வர்றதில்லை. வரக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். சொன்னா சொன்னதுதான்.

பிலிம் காலத்துல அவ ஸ்டுடியோ பக்கமே வந்ததில்லை. அப்ப நமக்குப் படம் எடுக்கிறதோட வேலை முடிஞ்சுது. ரோலை லேப்புக்கு அனுப்பினா அவன் கலரைப் பார்த்துப்பான். கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் எல்லாத்தையும் நம்ம தலையில கட்டினான். நான் எடிட்டிங் பண்ண ஆரம்பிச்சப்ப மத்தியானம் சோறு கொண்டுவருவா. வந்தவ அப்படியே பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவா. ஒருநாள் ரெண்டுநாள் இல்லை. வருஷக்கணக்கா. மடியில முறத்தை வெச்சு அவரைக்காய் கிள்ளிக்கிட்டே ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டிருப்பா. சும்மா இருப்பாளா? நான் கலரை ஏத்தினா, "இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… ஆ, போதும்" அப்படிம்பா. இறக்கினா, "ஐயோ, அவ்வளவு வேணாங்க, கொஞ்சம் திருப்புங்க" அப்படிம்பா. கார் ஓட்டுறவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு சில பேரு பார்த்து பார்த்துன்னு சொல்லிக்கிட்டே வருவாங்கல்ல? அந்த மாதிரி. வண்டியை யாரு ஓட்டுறது? நான்தானே?

நானும் பொறுத்துக்கிட்டேன். பொம்பளைக்குப் பொழுது போகணும்ல. அவ சொல்றது காதுல விழும், கை பாட்டுக்கு வேலை செய்யும். அந்தப் பழைய மானிட்டர்ல, பத்தொன்பது இஞ்ச், கறுப்புக் கரை கட்டினது, அதுல நான் போட்ட ஆல்பத்தைப் பத்தி ஒருத்தன் ஒரு குறை சொன்னதில்லை. அது மாதிரி மானிட்டர் இப்ப வர்றதில்லைம்மா. அதைத் தூக்கிப்போட்டதுதான் நான் பண்ணின ஒரே தப்பு.

ஒரே ஒரு தொந்தரவு. அந்த லேப்காரன். மங்கை அவ அண்ணன் வீட்டுக்கு பெரம்பலூர் போற வாரமா பார்த்து மிஷினைக் கெடுத்து வெச்சுக்குவான். அந்த வாரம் அனுப்புற படமெல்லாம் கோளாறா வரும். நான் போன் போட்டுக் கத்துவேன். அவ திரும்பி வந்து, பிரிண்டைப் பார்த்து, "மறுபடி ஒருதடவை அனுப்பிப் பார்ப்போங்க, நான் கூட இருக்கேன்" அப்படிம்பா. மறுபடி அனுப்பினா சரியா வரும். நான் கத்தினதுல அவன் மிஷினை சரிபண்ணியிருப்பான்.

இப்ப கல்யாணத்துக்கு வர்றேன்.

இலக்கியா, என் ஒரே பொண்ணு. வைகாசியில கல்யாணம். மாப்பிள்ளை அரியலூர். சம்பந்தி ரிட்டயர்டு தாசில்தார். நல்ல இடம். பொண்ணைப் பெத்தவன் கேமராவைத் தூக்கிக்கிட்டு அலைய முடியுமா? என் கூட்டாளி ஒருத்தன் வந்து எடுத்தான். ஆனா ஆல்பத்தை நான்தான் போடுவேன்னுட்டேன். வேற எவன் கையும் என் பொண்ணு முகத்துல படக் கூடாது. ஒவ்வொரு படத்தையும் நானே உக்காந்து பண்ணினேன். மங்கைக்கு அப்ப நேரமில்லை. மறுவீடு, விருந்து, சீர் சாமான் அனுப்புறது, வந்த சொந்தக்காரங்களை வழியனுப்புறது. ஸ்டூல் காலியாவே கிடந்துச்சு. நிம்மதியா இருக்குன்னு நினைச்சேன். பொய் சொல்லலை. தொணதொணப்பு இல்லாம அந்த ஆல்பத்தை அவ்வளவு ஆசையாப் பண்ணினேன்.

லேப்புக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல பார்த்துடட்டுமேன்னு சம்பந்தியையும் சம்பந்தியம்மாவையும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டேன். ஏசி போட்டு, கலர் சோடா வாங்கி வெச்சு, பெரிய மரியாதை. மங்கையும் வந்து பின்னாடி நின்னா. மொதல் படம் போட்டேன். ரெண்டாவது போட்டேன். சம்பந்தியம்மா மெதுவா, "ஏங்க சம்பந்தி, எங்க புள்ள என்ன காமாலை வந்தவன் மாதிரி இருக்கான்?" அப்படின்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. சரி, புள்ளையைப் பெத்தவங்க, அப்படித்தான் சொல்லுவாங்கன்னு அடுத்த படத்தைப் போட்டேன். முகூர்த்தப் படம். அதைப் பார்த்துட்டு சம்பந்தி எந்திரிச்சு நின்னுட்டாரு. "நாங்க எடுத்துக்குடுத்த கூறைப்புடவை எங்கே? அரக்குப் பட்டுங்க அது. காஞ்சிபுரம் போய் எடுத்தது. இங்க என்னமோ சாணி கலர்ல ஒண்ணைச் சுத்திக்கிட்டு நிக்குது பொண்ணு" அப்படின்னாரு.

உனக்குத் தெரியும்ல, கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டு மரியாதை. அதைக் குறை சொன்ன மாதிரி ஆயிடுச்சு. நாங்க வேணும்னே மாத்திட்டோம்னு நினைச்சா என்ன பண்றது? நான் என்ன சொன்னேன், மானிட்டர் பழசாயிடுச்சு சம்பந்தி, கலர் சரியா காட்ட மாட்டேங்குதுன்னேன். அது நியாயமான பதில்தானே? அதோட விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

பின்னாடி நின்னவ முன்னாடி வந்தா. வந்து சொல்றா, "மானிட்டர் இல்லைங்க அண்ணா. இவுகளுக்கு சிவப்பும் பச்சையும் கொஞ்சம் குழம்பும். இத்தனை நாளும் நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டிருந்தேன். கல்யாண வேலையில இந்தத் தடவை உக்கார முடியலை. என் தப்புதான். ரெண்டு நாள் குடுங்க, சரி பண்ணிடுறோம்."

எப்படி இருக்கும் எனக்கு? சொல்லு. சம்பந்தி முன்னாடி! என் ஸ்டுடியோவுல, என் நாற்காலியில நான் உக்காந்திருக்கேன். கண்ணு தெரியாதவன்னு சொல்லிட்டாளே! பாட்டுக்காரனைப் பார்த்து உனக்குக் காது கேக்காதுன்னு சொன்னா எப்படி இருக்கும்?

அதோட போச்சா? சம்பந்தியம்மா என் முகத்தையும் பார்க்கலை, அவ முகத்தையும் பார்க்கலை. அவங்க வீட்டுக்காரரைப் பார்த்து, "இது வழிவழியா வர்ற சமாச்சாரமா?" அப்படின்னாங்க. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான். பொண்ணு வாழப் போய் ஒரு மாசம் ஆகலை. நாளைக்கு ஒரு பேரப்புள்ள பிறந்தா அதோட கண்ணைப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்ப்பாங்களே!

அவங்க போனதும் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். இனிமே இந்த ஸ்டுடியோவுக்குள்ள நீ கால் வெக்காதேன்னேன். அவ அழலை, சண்டை போடலை. என்னை ஒரு பார்வை பார்த்தா. அந்த ஸ்டூலை எடுத்து ஓரமா சுவத்துல சாத்தி வெச்சுட்டுப் போயிட்டா. அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கலை. திட்டியிருந்தா பரவாயில்லை. காய்ச்சல்காரப் புள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாம்மா.

நான் சும்மா விடுவேனா? மறுநாளே கண் டாக்டர்கிட்ட போனேன். போய், என் கண்ணை முழுசா டெஸ்ட் பண்ணுங்கன்னு நாற்காலியில உக்காந்தேன். எதுக்குன்னு கேட்டாரு. சம்சாரம் சந்தேகப்படுறான்னு சொன்னேன், சிரிச்சாரு. அட்டையை மாட்டினாரு. மேலேருந்து கீழ வரைக்கும், கடைசி வரியில எறும்பு மாதிரி எழுத்து இருக்கும் பாரு, அதையும் படிச்சேன். ஒரு கண்ணை மூடிப் படிச்சேன். இன்னொரு கண்ணை மூடிப் படிச்சேன். "உங்க வயசுக்கு இது கழுகுக் கண்ணுங்க" அப்படின்னாரு டாக்டர். டாக்டரே சொல்லிட்டாரு! அவரு எழுதிக் குடுத்த சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மங்கை முன்னாடி வெச்சேன். படிச்சுப் பார்த்தா. "எழுத்துத்தானே காட்டினாங்க? கலர் காட்டினாங்களா?" அப்படிங்கிறா. எப்படியாவது என்னைக் குருடன் ஆக்கிடணும்னு நிக்கிறவகிட்ட என்னத்தைப் பேசுறது?

எங்க வழியில அப்படியெல்லாம் யாருக்கும் கிடையாதும்மா. எங்க அம்மாவோட தம்பி ஒருத்தர், எனக்குத் தாய்மாமன், ரயில்வே வேலைக்கு எல்லாம் பாஸ் பண்ணி கடைசியில மெடிக்கல்ல கழிச்சு விட்டுட்டாங்க. ஏதோ புள்ளி புள்ளியா ஒரு படத்தைக் காட்டி, இதுல என்ன நம்பர் இருக்குன்னு கேட்டாங்களாம். "வெறும் புள்ளிதான் இருக்கு, இல்லாத நம்பரை நான் எப்படிய்யா படிப்பேன்"னு கேட்டுட்டு வந்துட்டாரு மாமா. அவருக்கென்ன கண்ணா தெரியாது? தென்னமரத்துல கிளி உக்காந்தா கீழேருந்தே சொல்லுவாரு.

அதனால கோளாறு மானிட்டர்லதான். வேற எங்க இருக்க முடியும்? பழசைத் தூக்கிப்போட்டுட்டு அந்த வளைஞ்சதை வாங்கினேன். ஆல்பத்தை மொதல்லேருந்து பண்ணி, பிரிண்ட் போட்டு, பெட்டியில வெச்சு, தாம்பாளத்துல பூவோட அரியலூருக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். ராத்திரியே இலக்கியா போன் பண்ணினா. "அப்பா…" அப்படின்னு இழுத்தா. "என்னம்மா?" "எல்லார் முகமும் பச்சையா இருக்குப்பா. அத்தை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. நீங்க அம்மாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பண்ணியிருக்கலாம்லப்பா." என் பொண்ணும் சேர்ந்துக்கிட்டா! அவளும் சின்ன வயசுலேருந்து அந்த ஸ்டூலைப் பார்த்து வளர்ந்தவதானே, அம்மா கட்சி.

ரெண்டாவது மானிட்டர் வாங்கினேன். பெருசு. டிவி மாதிரி. அதுவும் அப்படித்தான். அப்புறம்தான் உக்காந்து வீடியோவாப் பார்த்து இதையெல்லாம் கத்துக்கிட்டேன், ஐபிஎஸ்ஸு, எஸ்ஆர்ஜிபி எல்லாம். கத்துக்கிட்டு வாங்கினதுதான் இந்த மூணாவது. கிராபிக்ஸ்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்கன்னு இதே கடையில சொன்னாங்க.

மானிட்டருக்குப் பின்னாடி சுவரு சாம்பல் கலர்ல இருக்கணும்னு ஒரு வீடியோவுல சொன்னான். கலர்ச் சுவரா இருந்தா கண்ணை ஏமாத்துமாம். சரியான பேச்சு. பெயிண்டு கடைக்கு நானே போனேன். யாரோ கலக்கச் சொல்லிட்டு வாங்காம விட்ட டப்பா ஒண்ணு ஓரத்துல கிடந்துச்சு. மூடியைத் திறந்து பார்த்தேன், அருமையான சாம்பல். கடைக்காரன்கூட, "இதா வேணும்? நிச்சயமாவா?"ன்னு கேட்டான். மலிவா போகுதேன்னு அவனுக்கு வயித்தெரிச்சல். ஸ்டுடியோ முழுக்க அதையே அடிச்சேன். பக்கத்துல செல்போன் கடை வெச்சிருக்கான் அருள்ராஜ்னு ஒருத்தன். உள்ள வந்து பார்த்துட்டு, "என்னண்ணே, பியூட்டி பார்லர் வெக்கப் போறீங்களா? ரோஸ் கலர்ல அடிச்சிருக்கீங்க" அப்படிங்கிறான். நக்கலு. என் சம்சாரம் சொன்னது ஊருக்குள்ள பரவிடுச்சு, எவன் எவனோ விளையாட ஆரம்பிச்சுட்டான். வெளிய போடான்னுட்டேன்.

அப்புறம் கலர் சரிபார்க்கிற மிஷின் ஒண்ணு இருக்கு. எலி மாதிரி இருக்கும், ஸ்கிரீன்ல தொங்க விடணும். பெரம்பலூர்ல ஒரு டிசைனர்கிட்ட கெஞ்சி இரவல் வாங்கிட்டு வந்து மாட்டினேன். அது பாட்டுக்கு சிவப்பு பச்சை நீலம்னு மாத்தி மாத்திப் பார்த்துட்டு, மானிட்டர் கரெக்டா இருக்குன்னு சொல்லுது! எப்படிக் கரெக்டா இருக்கும்? கரெக்டா இருந்தா பிரிண்டு ஏன் அப்படி வருது? டூப்ளிகேட் மிஷினு. அவனையும் எவனோ ஏமாத்தியிருக்கான்.

லேப்காரனுக்கு போன் போட்டேன். "நீங்க அனுப்புறதை அப்படியேதான் போடுறேங்க. அக்கா ஊர்ல இல்லையா?" அப்படின்னு கேட்டான். போனை வெச்சுட்டேன்.

தீபாவளிக்கு அவங்க வர்றாங்கம்மா. தலைதீபாவளி. பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியம்மா எல்லாரும் வர்றாங்க. அன்னிக்குப் புது ஆல்பத்தைக் கையில குடுக்கிறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அரக்குப் பட்டு அரக்குப் பட்டா இருக்கணும். மாப்பிள்ளை முகம் மனுஷ முகமா இருக்கணும். அதைப் பார்த்துட்டு சம்பந்தியம்மா அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கணும். என் பொண்ணு அந்த வீட்டுல தலை நிமிர்ந்து நடக்கணும். இந்தத் தடவையும் தப்பா வந்துச்சுன்னா என்னாகும்? அப்ப மங்கை சொன்னது நிஜம்னு ஆயிடும்.

ஆகாது. நிஜமா இருந்தா, அவ ஏன் இத்தனை வருஷமா சொல்லலை? கேக்குறேன், நீயே சொல்லு. தெரிஞ்சிருந்தா கல்யாணமான புதுசுலயே சொல்ல வேண்டியதுதானே? உங்களுக்குத் தெரியலைங்கன்னு ஒரு வார்த்தை? ஒருநாளும் சொன்னதில்லை. நான் பண்ணினதுன்னு சொல்லித்தானே ஊரெல்லாம் பெருமைப்பட்டா? "எங்க வீட்டுக்காரரு கைவண்ணம்"னு எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கா! அப்ப அதெல்லாம் என்ன? பாவம் பார்த்தாளா? பக்கத்துல உக்காந்து அவரைக்காய் கிள்ளிக்கிட்டே எனக்குப் பாவம் பார்த்தாளா? அதை நினைச்சாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு எரியுது. எவனையாவது பிடிச்சு அறையணும் போல இருக்கு. அதான் இங்க வந்தேன்.

ஆ, வந்துட்டான். கேபிளைக் குடு தம்பி. முதலாளி இன்னும் வரலையா? வரட்டும். இந்த டிஸ்பிளேல இருக்கிறதுல என் லேப்டாப்பை மாட்டுறேன். படத்தைப் போட்டுப் பார்க்காம இனிமே ஒரு மானிட்டரும் என் வீட்டு வாசலைத் தாண்டாது. நீயும் அப்படியே பண்ணும்மா. உன் படத்தைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்துத்தான் வாங்கணும்.

இந்தா, வந்துடுச்சு. இதுதான் என் பொண்ணு. தாலி கட்டி முடிச்சு, நெத்தியில குங்குமம் வெக்கிறாரு மாப்பிள்ளை. இந்தப் படத்துலதான் அவ அழுதுக்கிட்டே சிரிச்சா. இந்த மானிட்டர் நல்லாத்தான் இருக்கு. இதுல சரியா தெரியுதுல்ல? புடவை, முகம் எல்லாம்?

படத்தைப் பாருன்னா என்னைப் பார்க்கிறே. ஏம்மா அப்படிப் பார்க்கிறே? பார்க்காதே. மங்கை அன்னிக்குப் பார்த்தாளே, இதே பார்வைதான். நான் உன்கிட்ட மானிட்டரைப் பத்திக் கேட்டேன், அதை மட்டும் சொல்லு.

சரி, சிவப்பு கம்மியா இருக்குன்னு நினைக்கிறியா? ஏத்திட்டா போச்சு. இந்தக் கோட்டு மேல இருக்கிற குமிழை இந்தப் பக்கம் தள்ளினா சிவப்பு ஏறும். அது எனக்குத் தெரியும். பாரு, தள்ளுறேன். என்ன பெருசா மாறிடுச்சு? ஒண்ணும் மாறலை. இன்னும் தள்ளுறேன். மாறவே இல்லை பாரு. இதுக்குத்தான் மானிட்டர் கோளாறுங்கிறேன். காசு வாங்குறானுங்களே ஒழிய ஒருத்தனும் ஒழுங்கா ஒரு கலரைக் காட்டுறானா? இன்னும் தள்ளுறேன். இன்னும் கொஞ்சம், இன்னும்…

என்ன?

என்ன சொன்னே இப்ப? போதும்னா சொன்னே?

யாரும்மா உன்னைக் கேட்டது? நான் கேட்டேனா? நீ மானிட்டர் வாங்க வந்தவ, வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே? எவ எவளோ வந்து எனக்குப் போதும் போதும்னு…

கை நின்னுடுச்சு.

நான் நிறுத்தலைம்மா. சத்தியமா நான் நிறுத்தலை. நீ போதும்னே, அது பாட்டுக்கு நின்னுடுச்சு. இந்தக் கைக்கு யாரு சொல்லிக்குடுத்தா? நான் சொல்லிக்குடுக்கலையே.

எந்திரிக்காதே. திட்டலை. திட்டலைம்மா, உக்காரு. தம்பி, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போப்பா. ஒண்ணும் வேணாம், போ.

எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. மானிட்டரை விடு. நீ என் பொண்ணு வயசுப் பொண்ணு, பொய் சொல்லாம சொல்லு.

இப்ப அவ முகம் எப்படிம்மா இருக்கு?